கோப்பு இருக்கிறது, கட்டளை கிடைக்கவில்லை: லினக்ஸில் சொந்த ஸ்கிரிப்ட்டை ஓடவைக்கும் வழி

ஈசூனில் எங்கள் புளோக்கின் ஏழாவது மாடியில் தமிழ்த் துணைப்பாடம் நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. அவருடைய மடிக்கணினியோ விண்டோஸ் 11க்குத் தகுதிபெறவில்லை. திரையும் விசைப்பலகையும் புதிதுபோல் இருக்கும்போது அதைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. உபுண்டு லினக்ஸை நிறுவிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அவரே ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு, எழுதிவிட்டார். பதிவிறக்க அடைவில் (ஃபோல்டரில்) குவியும் பயிற்சித்தாள்களைத் தொடக்கநிலை 3, 4, 5, 6 என்று பிரித்து உரிய அடைவில் போடுவது அதன் வேலை. பெயர் ‘தொகு’. அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, கோப்பு என் கண் முன்னால் இருக்கிறது. பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை என்கிறது.”

“கோப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் அக்கா. கணினி எங்கே தேடுகிறது என்று நாம் இன்னும் அதனிடம் கேட்கவில்லையே.”

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு யாராவது ஒருவர் இரண்டு மருந்துகளைச் சொல்லிவிடுகிறார்: ‘சூடோ போட்டுப் பார்’ (நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கு), ‘அனுமதியை 777 ஆக்கிவிடு’ (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடு). நோய் என்னவென்று பாராமல் கொடுக்கும் மருந்துகள் இவை. நான் இரண்டையும் எதிர்க்கிறேன். முதலில் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். கேட்பதற்கான கட்டளைகள் எதையும் கெடுப்பதில்லை என்பதால் தயங்காமல் தட்டிப் பார்க்கலாம்.

தொடங்கும் முன், எழுத்தைப் பற்றி ஒரு சொல். கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். ‘பாத்’ என்பது பி, ஏ, டி, எச் என்ற நான்கு எழுத்துகள். வெள்ளிக் குறியுடன் வரும் ‘ஹோம்’ எச், ஓ, எம், இ. இவை இரண்டு மட்டும் முழுக்கப் பெரிய எழுத்துகள், ஏனென்றால் லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விலைச்சீட்டில் நாம் பார்க்கும் வெள்ளிக் குறி $ இங்கே ‘இந்தப் பெயருக்குள் இருக்கும் மதிப்பைக் கொடு’ என்று பொருள்படும். ~ என்ற அலைக்குறி உங்கள் சொந்த அடைவை, அதாவது வீட்டு அடைவை, குறிக்கும். ‘தொகு’ என்ற பெயரை மட்டும் தமிழிலேயே தட்டலாம். லினக்ஸ் கோப்புப் பெயர்கள் எந்த மொழியிலும் இருக்கலாம். அதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

செய்தியை முழுதாகப் படியுங்கள்

பிழைச் செய்தி என்றதும் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதில்தான் பாதி விடை இருக்கிறது. சொந்த ஸ்கிரிப்ட்டில் அடிக்கடி வருபவை மூன்று செய்திகள். மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால், ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) தன் பட்டியலில் உள்ள இடங்களிலெல்லாம் தேடிவிட்டது, அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் கோப்பு கிடைத்துவிட்டது, அதை இயக்க அனுமதி இல்லை. ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்பது மூன்றிலும் ஏமாற்றக்கூடியது: நீங்கள் கொடுத்த முகவரி தவறாக இருக்கலாம், அல்லது உங்கள் கோப்பு அங்கேயே இருக்க, அதன் முதல் வரி குறிப்பிடும் வேறொரு நிரல் இல்லாமல் இருக்கலாம்.

செய்தி ஓடிப்போய்விட்டால், கட்டளை முடிந்த உடனே இதைத் தட்டுங்கள்:

எக்கோ $?

127 என்று வந்தால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்று வந்தால் கிடைத்தது, இயக்க முடியவில்லை. 0 என்றால் ஷெல்லின் கணக்கில் எல்லாம் நன்றாகவே முடிந்தது. நடுவில் வேறு கட்டளை தட்டினால் அந்த எண் மாறிவிடும். அதனால்தான் ‘உடனே’ என்றேன்.

உபுண்டுவில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். நீங்கள் தட்டிய பெயர் ஏதாவது ஒரு தொகுப்பின் பெயரோடு ஒத்துப்போனால், ‘இதை நிறுவிக்கொள்ளலாமே’ என்று அது ஆலோசனை சொல்லும். நீங்கள் தேடுவது உங்கள் சொந்த ஸ்கிரிப்ட். அந்த ஆலோசனையைக் கேட்டு எதையும் நிறுவாதீர்கள்.

கணினி எங்கே தேடுகிறது?

எக்கோ $பாத்

விடை ஒரே நீண்ட வரியாக வரும்:

/யுஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின்:/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/எஸ்பின்:/யுஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின்

முக்காற்புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொன்றும் ஓர் அடைவு. இதுதான் தேடுபாதை. ஒரு பையனைத் தேக்கா சந்தைக்கு அனுப்பும்போது அம்மா ஒரு பட்டியல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மூலைக் கடையில் கேள், இல்லையென்றால் அடுத்த கடை, அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது. முதல் கடையில் பொருள் கிடைத்துவிட்டால் பையன் இரண்டாம் கடைக்குப் போவதில்லை. பட்டியலில் இல்லாத கடையில் எவ்வளவு நல்ல மீன் இருந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் நின்றுகொண்டிருக்கும் இடத்திலேயே பொருள் இருந்தாலும் அந்த இடம் பட்டியலில் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று திரும்பிவிடுவான்.

ஷெல்லும் அப்படித்தான். இடமிருந்து வலமாகத் தேடும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், பட்டியலுக்கு வெளியே போகாது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் முனையத்தைத் திறந்தால் நம்மோடு பேசுகிற பேஷ் 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. அதுவும் இந்த வழியையே பின்பற்றுகிறது.

நின்றுகொண்டிருக்கும் அடைவு பட்டியலில் ஏன் இல்லை என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. பலர் பயன்படுத்தும் ஓர் அடைவில் யாரோ ஒருவர் ‘எல்எஸ்’ என்ற பெயரில் தீய நிரல் ஒன்றைப் போட்டுவைத்தால், அந்த அடைவுக்குள் போய்க் கோப்புகளைப் பட்டியலிட நினைக்கிற எவரும் அதை இயக்கிவிடும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கத்தான் ‘இங்கே இருப்பதையே இயக்கு’ என்று நாமே வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போதும்:

./தொகு

இப்படித் தட்டினால் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, பெயரை மட்டும் தட்டினால் ஓடவில்லை என்றால், ஸ்கிரிப்ட்டில் பிழையே இல்லை. சிக்கல் தேடுபாதையில் மட்டும்தான். முதல் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் சோதனை இது.

ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு நிரந்தர இடம்

சொந்த ஸ்கிரிப்ட்டுகளை வைக்க நான் பரிந்துரைக்கும் இடம் உங்கள் வீட்டு அடைவுக்குள் இருக்கும் ‘.லோக்கல்/பின்’. முன்னால் புள்ளி இருப்பதால் அது சாதாரணப் பட்டியலில் தெரியாது. இல்லையென்றால் உருவாக்கிக்கொண்டு, ஸ்கிரிப்ட்டை அங்கே நகர்த்துங்கள் (-பி என்பது ‘பாத்’தின் முதல் எழுத்து, சிறியதாக):

எம்கேடிர் -பி ~/.லோக்கல்/பின்

எம்வி தொகு ~/.லோக்கல்/பின்/

அக்கா இதைச் செய்தார். பெயரைத் தட்டினார். மறுபடியும் ‘கிடைக்கவில்லை’. முனையச் சாளரத்தை மூடித் திறந்தும் பயனில்லை.

காரணம் இதுதான். உபுண்டுவில் ‘.புரொஃபைல்’ என்ற கோப்பு இந்த அடைவைத் தேடுபாதையில் சேர்க்கிறது. ஆனால் ‘அப்படி ஓர் அடைவு இருந்தால் சேர்’ என்பதே அதில் எழுதியிருப்பது. அந்தக் கோப்பு படிக்கப்படுவதும் நீங்கள் கணினிக்குள் நுழையும் வேளையில் ஒரு முறைதான். காலையில் நுழைந்தபோது அடைவு இல்லை, மாலையில் உருவாக்கினீர்கள், பட்டியல் காலையில் போட்டதாகவே இருக்கிறது. சாளரத்தை மூடுவது வெளியேறுவது ஆகாது. கணினியிலிருந்து முழுதாக வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அவசரமென்றால் இந்தச் சாளரத்துக்கு மட்டும் இப்படிச் செய்யலாம்:

சோர்ஸ் ~/.புரொஃபைல்

அக்கா வெளியேறி நுழைந்தார். எக்கோ $பாத் தட்டியபோது புதிய அடைவு பட்டியலின் தொடக்கத்திலேயே நின்றது. ஃபெடோரா என்ற இன்னொரு வகை லினக்ஸில் இந்தச் சேர்க்கை ‘.பேஷ்ஆர்சி’ என்ற கோப்பில் நடக்கிறது என்பதால் அங்கே புதிய சாளரம் திறந்தாலே போதும். இன்னொன்று: பேஷ் உள்நுழைவு ஷெல்லாகத் தொடங்கும்போது ‘.பேஷ்_புரொஃபைல்’, ‘.பேஷ்_லாகின்’, ‘.புரொஃபைல்’ என்ற மூன்றையும் இந்த வரிசையில் பார்த்து, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். ஏதோ ஒரு நிறுவல் நிரல் முதல் கோப்பை உருவாக்கிவிட்டுப் போயிருந்தால், மூன்றாவதில் நீங்கள் எழுதியதை பேஷ் பார்க்காது. எல்லாம் சரியாக எழுதியும் ஓடவில்லை என்கிறவர்கள் ‘எல்எஸ் -ஏ ~’ தட்டி இதைப் பாருங்கள்.

கையால் சேர்ப்பவர்கள்

வேறோர் அடைவைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘.பேஷ்ஆர்சி’யின் கடைசியில் ஒரு வரி எழுதலாம். எழுதும் முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். இது அறிவுரைக்காகச் சொல்வதில்லை; இந்த ஒரு வரியில் நடக்கும் தவறு முனையத்தையே முடக்கும்.

எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:$ஹோம்/ஸ்கிரிப்ட்டுகள்"

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. இடைவெளியுடன் ‘பாத் = ...’ என்று எழுதினால் ஷெல் ‘பாத்’ என்பதையே ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு அதைத் தேடப் போய்விடும். அடைவுகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி. விண்டோஸில் பழகியவர்கள் கை தானாக அரைப்புள்ளியைத் தட்டும், அதைக் கவனியுங்கள். மேற்கோள்குறிக்குள் அலைக்குறி போடாதீர்கள். அது உங்கள் வீட்டு அடைவாக விரியாமல் வெறும் குறியாகவே நின்றுவிடும். பேஷ் ஒருவாறு புரிந்துகொண்டாலும் மற்ற நிரல்களுக்குப் புரியாது. $ஹோம் என்றே எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பழைய $பாத் மதிப்பை எழுத மறப்பது. அப்போது பட்டியலில் உங்கள் ஓர் அடைவு மட்டும் மிஞ்சும். அடுத்த சாளரத்தில் பட்டியலிடும் எல்எஸ் கிடைக்காது, நகலெடுக்கும் சிபி கிடைக்காது, கோப்பைத் திருத்தும் நானோ கிடைக்காது. கணினி கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தம் கோப்புகளை இழந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒன்றும் அழியவில்லை, பட்டியல் மட்டும்தான் தொலைந்தது. இதைத் தட்டினால் அந்தச் சாளரம் உயிர்பெறும்:

எக்ஸ்போர்ட் பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின்

எக்ஸ்போர்ட் என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதால் எந்த நிலையிலும் வேலை செய்யும். பிறகு நானோவில் கோப்பைத் திறந்து வரியைத் திருத்துங்கள்.

மேலே உள்ள வரியில் என் அடைவைப் பட்டியலின் கடைசியில் வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். உபுண்டு தன் வழக்கப்படி முன்னால் வைக்கிறது. முன்னால் வைத்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அதே பெயருள்ள கணினிக் கட்டளையை மறைத்துவிடும். புதியவர்கள் கையால் சேர்க்கும்போது கடைசியில் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

இயக்கும் அனுமதி

கிடைத்துவிட்டது, ஆனால் ‘பெர்மிஷன் டினைட்’. அக்காவுக்கு அடுத்து வந்தது இதுதான். எல்எஸ் -எல் தட்டி, வரியின் தொடக்கத்தில் உள்ள பத்து எழுத்துகளைப் பாருங்கள். அவற்றில் எக்ஸ் என்ற எழுத்து இல்லையென்றால் இயக்கும் அனுமதி இல்லை. புதிதாக எழுதிய கோப்புக்கு அது இருக்காது. எழுதியதெல்லாம் நிரலாகிவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. சி, எச், எம், ஓ, டி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையால் சேர்க்கலாம்:

சிஎச்மோட் யு+எக்ஸ் ~/.லோக்கல்/பின்/தொகு

உரிமையாளருக்கு மட்டும் இயக்கும் அனுமதி என்பது இதன் பொருள். மற்றவர்களும் இயக்க வேண்டுமென்றால் ‘யு+எக்ஸ்’ இடத்தில் 755 என்று தட்டுங்கள். 777 என்பது அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் உங்கள் ஸ்கிரிப்ட்டைத் திருத்தலாம் என்ற அனுமதி. அவர்கள் அதில் எழுதியதை அடுத்த முறை உங்கள் பெயரில் நீங்களே இயக்குவீர்கள். அது ஒருபோதும் தேவைப்படாது.

சிஎச்மோட் தட்டியும் எக்ஸ் வரவில்லையென்றால், கோப்பு பெரும்பாலும் யுஎஸ்பி விரலியில் இருக்கிறது. எஃப்ஏடி வகைக் கோப்பு முறைமையில் லினக்ஸ் அனுமதிகளைச் சேமித்து வைக்க இடமே இல்லை. வீட்டு அடைவுக்குப் பிரதி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

முதல் வரி என்னும் வாசல்

இப்போது அனுமதியும் உண்டு. ஆனாலும் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. புதிய பேஷ் பதிப்புகளில் ‘தேவையான கோப்பு இல்லை’ என்ற பொருளில் வரும். அக்கா இங்கேதான் சோர்ந்துபோனார். “எல்எஸ் போட்டால் கோப்பு தெரிகிறதே தம்பி!”

ஸ்கிரிப்ட்டின் முதல் வரி #! என்ற இரண்டு குறிகளுடன் தொடங்கி, இதை எந்த நிரல் படிக்க வேண்டும் என்று சொல்லும்:

#!/பின்/பேஷ்

இல்லை என்று கணினி சொல்வது உங்கள் கோப்பை அன்று. இந்த வரியில் உள்ள நிரலை. பேஷ் இல்லாமலா போகும்? அக்கா எழுதிய கோப்பைத் திருத்தியது அவருடைய உடன்பிறந்த தம்பியின் விண்டோஸ் கணினியில். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கிறது: ஒன்று ‘கேரேஜ் ரிட்டர்ன்’, மற்றொன்று ‘புதிய வரி’. தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் உருளையை மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளிவிடுவோமே, முதல் குறி அந்த அசைவின் மிச்சம். லினக்ஸ் இரண்டாவதை மட்டும் எதிர்பார்க்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் குறியும் நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ‘பேஷ்’ இருக்கிறது, வாலோடு கூடிய ‘பேஷ்’ எங்கும் இல்லை.

ஃபைல் ~/.லோக்கல்/பின்/தொகு

இந்தக் கேள்விக்கு வரும் விடையில் ‘சிஆர்எல்எஃப்’ என்ற எழுத்துகள் இருந்தால் நோய் இதுதான். ‘டாஸ்2யுனிக்ஸ்’ என்ற சிறு கருவியை நிறுவி அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் எல்லா வால்களும் போய்விடும்.

இதற்கு ஓர் உறவுக்காரச் சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10இன் 2019 மே மாத வெளியீட்டுக்கு முந்தைய நோட்பேட், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்த கோப்புகளின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். தமிழ் எழுத்து உள்ள கோப்பை அதில் சேமித்தால் இது நேரும். #! என்பது கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளாக இருந்தால்தான் செல்லும். முன்னால் எது நுழைந்தாலும் செல்லாது. ஃபைல் கட்டளை இதையும் ‘பிஓஎம்’ என்று காட்டிக்கொடுக்கும்.

முதல் வரியில் பேஷுக்குப் பதிலாக எஸ்எச் என்று எழுதாதீர்கள். 2006இல் வந்த உபுண்டு 6.10 முதல் அங்கே எஸ்எச் என்பது டேஷ் என்ற சிறிய, வேகமான வேறு ஷெல். இணையத்திலிருந்து எடுத்த வரிகளில் [[ என்ற இரட்டை அடைப்பு இருந்தால் டேஷ் அதை ஒரு கட்டளை என்று எண்ணித் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லும்.

பெயரில் ஒளிந்திருக்கும் சிக்கல்

முதன்முதலில் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைக்காதவர் குறைவு. டி, இ, எஸ், டி என்று தட்டினால் பிழை வராது, எழுத்து வராது, ஒன்றுமே நடக்காது. அந்தப் பெயரில் ஷெல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. உள்ளே இருப்பதற்கே முதலிடம். தேடுபாதையை ஷெல் பார்க்கவே இல்லை. ஒரு பெயருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று கேட்க:

டைப் -ஏ டெஸ்ட்

எந்த வரிசையில் தேர்ந்தெடுக்கும் என்பதை இது அப்படியே காட்டும். மாற்றுப்பெயர்கள், செயற்கூறுகள், உள்கட்டளைகள், பிறகு தேடுபாதை. ‘விச்’ என்ற கட்டளையைப் பலர் சொல்வார்கள். அது தேடுபாதையை மட்டும் பார்ப்பதால் இந்த வகைச் சிக்கலில் தவறான விடை தரும். டைப் -ஏ தான் நம்பத்தக்கது. /யுஎஸ்ஆர்/பின் ஒரு முறையும் /பின் ஒரு முறையும் காட்டினால் கலங்க வேண்டாம். இன்றைய உபுண்டுவில் இரண்டும் ஒரே அடைவுதான்.

ஸ்கிரிப்ட்டை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றிய பிறகு பழைய முகவரியையே சொல்லி ‘இல்லை’ என்றால், பேஷ் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஹேஷ் -ஆர் என்று தட்டினால் மறந்துவிட்டுப் புதிதாகத் தேடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் உரியது

அக்காவின் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. பாதிப் பயிற்சித்தாள்கள் நகர்ந்தன, பாதி அசையவில்லை. ‘தொ4’ என்று தொடங்கும் கோப்புகளை எடு என்பதே கட்டளை. அசையாத கோப்புகளும் ‘தொ4’ என்றுதான் தொடங்கின. என் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒரு மாலை முழுதும் இதில் போனது, ஆனால் இந்த ஒன்றைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி பெரிது.

யூனிக்கோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுதலாம். த என்ற எழுத்தும் ஒகரக் குறி ஒன்றும் சேர்ந்தது ஒரு விதம். த, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என மூன்றாகப் பிரித்து எழுதியது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸ் பைட்டுகளைத்தான் ஒப்பிடும்; அதற்கு இரண்டும் வேறு பெயர்கள். 2017க்கு முன் மேக் கணினிகள் வழக்கமாகப் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்தே சேமிக்கும். அசையாத தாள்கள் அப்படியொரு பழைய மேக்கிலிருந்து சக ஆசிரியர் ஒருவர் அனுப்பியவை.

ஐயம் தீர எண்ணிப் பாருங்கள்:

எக்கோ -என் "தொகு" | டபிள்யூசி -சி

ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டு. சேர்த்து எழுதிய ‘தொகு’ 12 என்று காட்டும். பிரித்து எழுதியது 15. ஒ, ஓ, ஔ என்ற மூன்று உயிர்மெய் வரிசைகளிலும் இது நேரும். கோப்புகளைத் திருத்த ‘கான்வ்எம்வி’ என்ற கருவி இருக்கிறது:

கான்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி .

-டி என்பது ‘பாத்’தின் மூன்றாம் எழுத்து, சிறியதாக. கடைசிப் புள்ளியையும் விடாமல் தட்டுங்கள். அது ‘இந்த அடைவு’ என்று பொருள்படும். இப்படிக் கொடுத்தால் என்ன மாறும் என்று காட்டிவிட்டு நிற்கும், எதையும் தொடாது. பட்டியல் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு --நோடெஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் மாற்றும். முதலில் காட்டுகிற, பிறகு செய்கிற கருவிகள் எல்லாவற்றின் மேலும் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கட்டளைக்கே தமிழ்ப் பெயர் வைத்து அது கிடைக்கவில்லையென்றால், ‘த’ மட்டும் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். இருக்கிற பெயரைப் பேஷே நிரப்பும். இன்னொரு எச்சரிக்கை: கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம், ஸ்கிரிப்ட்டுக்குள் மாறிகளுக்கு (மதிப்பைத் தாங்கும் பெயர்களுக்கு) வைக்க முடியாது. ‘வகுப்பு=4’ என்று எழுதினால் பேஷ் அந்த முழுத் தொடரையும் ஒரு கட்டளையாகக் கருதித் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லும். மாறிப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே.

உள்ளே எந்த வரியில் தவறு என்று தெரியாவிட்டால்:

பேஷ் -எக்ஸ் ~/.லோக்கல்/பின்/தொகு

ஒவ்வொரு வரியையும் செய்வதற்கு முன் காட்டும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்து அது இரண்டாக உடைவதை இதில் நேரடியாகப் பார்க்கலாம். அந்த இடத்தில் மாறியை மேற்கோள்குறிக்குள் வையுங்கள்.

கையால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை

சூடோ தொகு என்று தட்டினால் மறுபடி ‘கிடைக்கவில்லை’ என்று வரும். சூடோ உங்கள் தேடுபாதையை விட்டுவிட்டுத் தன் அமைப்புக் கோப்பில் உள்ள பாதுகாப்பான பாதையை எடுத்துக்கொள்வதுதான் காரணம். உங்கள் சொந்தக் கோப்புகளை அடுக்க சூடோ தேவையும் இல்லை. போட்டால் புதிதாக உருவாகும் அடைவுகள் நிர்வாகி பெயருக்குப் போய், அடுத்த நாள் உங்களாலேயே தொட முடியாமல் ஆகும்.

தினமும் குறித்த நேரத்தில் ஓடவைக்கும் கிரானும் இதே மாதிரிதான். உபுண்டுவில் அது /யுஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டை மட்டுமே தேடும், உங்கள் ‘.பேஷ்ஆர்சி’யைப் படிக்காது. எனவே கிரான்டேப் -இ தட்டித் திறக்கும் பட்டியலில் முழு முகவரியைக் கொடுங்கள்:

0 23 * * * /ஹோம்/உங்கள்-பயனர்பெயர்/.லோக்கல்/பின்/தொகு

அக்கா இரவு 11 மணிக்கு இப்படி வைத்தார். ஓடியதோ காலை 7 மணிக்கு. நிறுவும்போது நான் நேர வலயத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே விட்டிருந்தேன். சிங்கப்பூர் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. டைம்டேட்சிடிஎல் என்று தட்டினால் கணினி எந்த வலயத்தில் இருக்கிறது என்று தெரியும். அதை ஏசியா/சிங்கப்பூர் என்று மாற்றினோம். பிறகுதான் இன்னொன்று தெரிந்தது: இரவு 11 மணிக்கு அவர் மடிக்கணினியை மூடி வைத்துவிடுகிறார், தூங்கும் கணினியில் கிரான் ஓடாது, விட்டுப்போனதை எழுந்தபின் செய்வதும் இல்லை. இப்போது 0 23 என்ற இடத்தில் 30 18 இருக்கிறது. மாலை 6.30 மணி. வகுப்பு நடந்துகொண்டிருக்கும், மடிக்கணினி மேசைமேல் திறந்திருக்கும்.